உண்டியல் முதல் காசோலை வரை: ஒரு கையொப்பத்தின் வரலாறு

வண்ணார்பேட்டையில் இன்று எந்தக் கடையின் முன் நின்றாலும், கல்லாப்பெட்டியின் அருகே கறுப்பும் வெள்ளையுமான ஒரு சதுரக் குறியீட்டு அட்டை கண்ணில் படுகிறது. பூ விற்கும் அம்மையார் முதல் துணிக்கடை முதலாளி வரை அதன் வழியாகவே பணம் பெறுகின்றனர். கைப்பேசியை நீட்டியதும் தொகை சேர்ந்துவிடுகிறது. இந்நாளில், அறக்கட்டளைக் கூட்டத்தில் பொருளாளர் காசோலைப் புத்தகத்தைத் திறந்தால், இளைஞர் ஒருவர் "இன்னுமா ஐயா இது?" என்று கேட்பது இயல்பே. ஆயினும் அது விளையாட்டாக விடையளிக்கத்தக்க வினா அன்று. வணிகத்தை வாழ்வாகக் கொண்ட நம் சமூகத்தார், இந்தத் தாள் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்பதை அறிந்த பின்னரே அதற்கு விடை கூறுதல் தகும்.

ஓலையும் உண்டியலும்

"காசோலை" என்னும் சொல்லிலேயே ஓலை இருக்கிறது. பொருளைக் கைமாற்றுவதற்கு முன் பெயரை எழுதிவைக்கும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழமையானது. மதுரைக்கு அருகிலுள்ள அழகர்மலைக் குகையில், துறவியர்க்குக் கொடை வழங்கிய உப்பு வணிகர், துணி வணிகர், கொழு வணிகர் ஆகியோரின் பெயர்கள் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டன. கொடுத்தது இது, கொடுத்தவர் இவர் என்று எழுத்து சாட்சி கூறியது.

பிற்காலத்தில் அந்த எழுத்தே பணத்தின் இடத்தையும் ஏற்றது. வடநாட்டார் "உண்டி" என்றதைத் தமிழ் வணிகர் "உண்டியல்" என்றனர். ஓர் ஊரில் பணத்தைக் கட்டிச் சீட்டுப் பெற்றுக்கொண்டு, தொலைவிலுள்ள மற்றோர் ஊரில் அச்சீட்டைக் காட்டிப் பணம் பெறலாம். கள்வர் அச்சம் மிகுந்த வழிகளில் வெள்ளி நாணயங்களைச் சுமந்து செல்லும் இடர் இதனால் நீங்கிற்று. காட்டியவுடன் பணம் தரவேண்டியது தரிசனி உண்டி; குறித்த கெடு முடிந்தபின் தரவேண்டியது முத்ததி உண்டி. சந்தையில் நன்மதிப்புள்ள வணிகரிடம் மட்டுமே பணம் செலுத்தத்தக்கது ஷா ஜோக் உண்டி. முன்பின் அறியாதவன் கையில் அது சிக்கினாலும், தெரிந்த வணிகர் ஒருவர் பொறுப்பேற்றாலன்றிப் பணம் கிடைக்காது. இன்று காசோலையின் மூலையில் நாம் இடும் இரு கோடுகளின் நோக்கமும் இதுவேயாகும்.

இம்முறையை வளர்த்தவருள் சமண வணிகர்க்குச் சிறப்பிடம் உண்டு. இராசத்தானத்து நாகௌரிலிருந்து 1652இல் பாட்னாவுக்குப் பெயர்ந்த ஹீரானந்த் சாஹுவின் வழிவந்தோரே பின்னர் "ஜகத் சேட்" என்னும் பட்டம் பெற்றனர். வங்காளத்தின் வரிப்பணம் தில்லிக்கு அவர்களுடைய உண்டியின் மூலமே சென்றது. தென்னாட்டில் நகரத்தார் எழுதிய உண்டியல்கள் கொழும்பிலும் இரங்கூனிலும் செல்லுபடியாயின. கடல் கடந்தும் மதிக்கப்பட்டது தாள் அன்று. அதன் அடியில் இருந்த பெயரே.

வங்கியும் சட்டமும்

அச்சிட்ட காசோலை நம்மிடம் மேனாட்டு வங்கி முறையோடு வந்தது. இங்கிலாந்தில் 1659ஆம் ஆண்டிலேயே கையால் எழுதிய காசோலை வழங்கியிருக்கிறது. சென்னையில் பேங்க் ஆஃப் மெட்ராஸ் 1843இல் தொடங்கப்பெற்றது. சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுத் தாமிரபரணியின் குறுக்கே அமைத்த பாலம், வண்ணார்பேட்டைக் கரையை மறுகரையோடு இணைத்ததும் அதே 1843இல்தான். ஒன்று மனிதரையும் வண்டிகளையும் கரை சேர்த்தது. மற்றொன்று பணத்தைக் கரை சேர்த்தது.

1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் காசோலைக்கு முழு வடிவம் தந்தது. கீழை மொழிகளில் எழுதப்படும் ஆவணங்களைப் பற்றிய உள்ளூர் வழக்காறுகளை இச்சட்டம் பாதிக்காது என்று அதன் முதற்பிரிவே கூறுகிறது. உண்டியலின் மரபை ஆங்கில ஆட்சியும் அழிக்கத் துணியவில்லை. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றியது. 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறிய அவ்வங்கியைப் போன்ற நிறுவனங்களால், காசோலை பெருநகரத்தாரின் உடைமையாக மட்டும் இராமல் நம் பகுதி வணிகரின் பேரேடுகளிலும் இடம்பெற்றது.

ஆனால் தாளின் பின்னால் நிற்கும் நிறுவனம் சாய்ந்தால் தாளும் சாயும். 1906இல் சென்னையின் அர்பத்நாட் நிறுவனம் முறிந்தபோது எண்ணற்ற குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. அந்தத் துயரத்தின் பயனாகவே 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கியும், 1960இல் பாலாய் சென்ட்ரல் வங்கியும் வீழ்ந்தன. அதன் பின்னரே, 1962 முதல், வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது.

மன்றம் ஏறிய கையொப்பம்

கணக்கில் பணம் இல்லாமல் காசோலை கொடுப்பது பெருகியதால், 138ஆம் பிரிவு சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 1989 ஏப்ரல் 1 முதல் அது குற்றமாயிற்று. இன்று அதற்கு இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பவேண்டும். அதைப் பெற்றவர் பணம் செலுத்த 15 நாட்கள் உண்டு.

சட்டம் கடுமையானது, வழக்குகள் குறைந்தபாடில்லை. 2019ஆம் ஆண்டின் முடிவில் நாடெங்கும் 35 லட்சத்துக்கு மேற்பட்ட காசோலை வழக்குகள் தேங்கிக் கிடந்தன என்பது உச்ச நீதிமன்றத்தின் பார்வைக்கு வந்த செய்தி. சொல்லைக் காப்பதற்காகப் பிறந்த ஒரு தாள், சொல் தவறியதன் சான்றாக நீதிமன்ற அலமாரிகளை நிரப்பியது.

இன்றைய நிலை

2016இல் யூபிஐ முறை வந்தபின், காய்கறி, பால், ஆட்டோ வாடகை போன்ற அன்றாடச் செலவுகளில் காசோலைக்கு இடமில்லாமற் போயிற்று. அதற்காக வருந்தவும் வேண்டுவதில்லை. நூறு ரூபாய்க்குக் காசோலை எழுதினால் வாங்குபவருக்கு வங்கி வரை நடக்கும் வேலையும், பணம் வருமோ வாராதோ என்னும் ஐயமுமே மிஞ்சும்.

காசோலையும் தன்னை மாற்றிக்கொண்டுதான் வருகிறது. முன்பு வெளியூர்க் காசோலை அஞ்சலில் சென்று பணமாகத் திரும்பப் பல நாட்களாகும். 2008இல் தில்லியிலும் 2011இல் சென்னையிலும் தொடங்கிய முறையில், தாள் வங்கியிலேயே நின்றுவிட, அதன் படிமம் மட்டும் பயணம் செய்கிறது. 2012 முதல் காசோலையின் ஆயுள் ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாயிற்று. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் நாள் முழுதும் தொடர்ந்து அனுப்பப்பட்டு, அன்றைய மாலைக்குள்ளேயே தீர்வு காண்கின்றன.

எனினும் முற்றாக ஒழித்துவிடலாமா? பிரிட்டனில் 2018க்குள் காசோலையை நிறுத்துவதென 2009இல் முடிவு செய்தனர். முதியோரும் அறநிறுவனங்களும் எதிர்த்தமையால் 2011இல் அம்முடிவைக் கைவிட்டனர். அறநிறுவனங்கள் எதிர்த்ததன் காரணத்தை நம் பொருளாளர்கள் எளிதில் உணர்வர். காசோலையில் இருவர் கையொப்பமிட வேண்டும். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும். பெறுபவரின் பெயரைக் குறிக்க வேண்டும். அடிக்கட்டையில் செய்தி நிற்க வேண்டும். பொதுப்பணத்தைச் செலவிடுவோர்க்கு இந்தத் தாமதமே ஒரு காவல்.

ஒரே வழியை நம்பியிருத்தல் ஆகாது என்பதை 2023 டிசம்பர் வெள்ளமும் நமக்குக் கற்பித்தது. தாமிரபரணி கரைபுரண்ட அந்நாட்களில் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயின. அப்போது கைப்பேசியும் உதவவில்லை, காசோலையும் உதவவில்லை. வீட்டிலிருந்த சில்லறை நோட்டுகளே அரிசிக்கும் பாலுக்கும் உதவின.

வெற்றுக் காசோலை என்னும் பழி

இவற்றினும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. அன்றாடச் செலவிலிருந்து மறைந்த காசோலை, கடன் கொடுப்போரின் பெட்டிகளில் வேறு வடிவில் வாழ்கிறது. தொகையும் தேதியும் எழுதாது கையொப்பம் மட்டும் இட்ட காசோலைகளைச் சிறு வணிகரிடமும் கூலித் தொழிலாளரிடமும் பிணையாகப் பெறும் வழக்கம் இன்றும் கடைவீதிகளில் உண்டு. கடன் தீர்ந்தபின் தாளைத் திருப்பிக் கேட்க மறந்தவர்கள் உண்டு. கேட்டும் பெறாதவர்களும் உண்டு. விரும்பிக் கையொப்பமிட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையும், எதிர்ச்சான்று காட்டாவிடின், கடனுக்காகக் கொடுத்ததாகவே கொள்ளப்படும் என 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே எளியவர் இடும் அந்த ஒரு கையொப்பம் அவருடைய வீட்டையே பணயம் வைத்ததற்கு ஒப்பாகும்.

இல்லறத்தார் வாய்மை விரதத்துக்கு நேரும் குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணிக் கூறுகிறது. பொய் ஆவணம் எழுதுதலாகிய கூடலேகக் கிரியையும், நம்பி ஒப்படைத்த பொருளைக் கவர்தலாகிய நியாசாபகாரமும் அவற்றுள் அடங்கும். இல்லாத பணத்துக்குக் காசோலை எழுதுவது முதற்குற்றத்தின் பாற்படும். பிணையாக வந்த வெற்றுத் தாளில் மனம்போன தொகையை நிரப்புவது இரண்டு குற்றங்களையும் ஒருங்கே செய்வதாகும்.

ஆகவே இளைஞரின் வினாவுக்கு நம் விடை இது: அன்றாடச் செலவுக்குக் காசோலை வேண்டுவதில்லை, அறக்கட்டளைக் கணக்குக்கும், பெருந்தொகைக்கும், நின்று எண்ணிக் கையொப்பமிடவேண்டிய பொறுப்புகளுக்கும் அது இன்னும் வேண்டும். வெற்றுக் காசோலையை எவரிடமும் கேளாதிருத்தலும், எவருக்கும் கொடாதிருத்தலும் நம் வீட்டு நெறியாகட்டும். பழைய பிணைத் தாள் எவரிடமேனும் இருப்பின், தீபாவளிக்குப் புதுக்கணக்கு எழுதும் முன் உரியவரிடம் அதைச் சேர்ப்பித்துவிடுவோம். உண்டியலின் காலத்தில் ஊர் கடந்து மதிக்கப்பட்ட அந்தப் பெயரை நாமும் நம் மக்களுக்கு விட்டுச் செல்வோம்.