கடல் கடக்கக் கேட்ட சீட்டு

ஐந்நூறு வருடங்களுக்கும் முன்பு பழவேற்காட்டிலிருந்து மலாக்காவுக்குப் போன வியாபாரி அங்கே எத்தனை நாள் தங்குவது என்பதைக் காற்றுதான் முடிவு செய்தது. கச்சான் காற்று ஓய்வதற்குள் பாய் விரித்துப் புறப்பட்டவர், வாடை பிடித்த பிறகே ஊர் திரும்ப முடியும். இடையில் உள்ள மாதங்களில் துணியை விற்று, கிராம்பும் சாதிக்காயும் சந்தனமும் வெள்ளீயமும் வாங்கிச் சேர்ப்பார். தோமே பிரஸ் என்ற போர்ச்சுகீசிய மருந்துக்காரர் 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்து எழுதி வைத்த குறிப்புகளில் நம் ஊர் வருகிறது. பழவேற்காட்டிலிருந்து வருடத்துக்கு ஓரிரு கப்பல்கள்தான் வரும், ஆனால் ஒவ்வொன்றிலும் 80,000, 90,000 குருசாடோ பெறுமானமுள்ள சரக்கு இருக்கும் என்கிறார். குருசாடோ அந்தக் காலத்துப் போர்ச்சுகீசியத் தங்கக் காசு.

அந்த வியாபாரியிடம் இன்றைய பொருளில் விசா கிடையாது. ஆனால் கேட்பாரற்று இறங்கிப் போய்விடவும் முடியாது. மலாக்கா சுல்தான் துறைமுகத்தில் நான்கு ஷாபந்தர்களை (துறைமுக அதிகாரிகளை) வைத்திருந்தார். குஜராத்திகளுக்கு ஒருவர், நம் கரையிலிருந்தும் வங்காளம், பர்மாவின் பெகுவிலிருந்தும் வருகிறவர்களுக்கு ஒருவர், ஜாவா பக்கத்தாருக்கு ஒருவர், சீனருக்கு ஒருவர். கப்பல் வந்ததும் நம் ஆளுக்குக் கிடங்கு காட்டுவதும், அரண்மனைக்கு அழைத்துப் போவதும், அவர் பேரில் பதில் சொல்வதும் அந்த ஷாபந்தரின் வேலை. தீர்வையும் காணிக்கையும் கட்ட வேண்டும். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. தடையில்லாமல் போய்வந்த காலம் என்று நாம் நினைக்கிற அந்தக் காலத்திலும், வந்தவரைப் பெயர் சொல்லி அறிந்த ஒருவர் அக்கரையில் இருந்தார்.

1511ல் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். அதற்கு முன்பே கடலில் போகிற எந்தக் கப்பலும் தங்களிடம் கர்தாஸ் என்ற சீட்டு வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். கப்பலின் பெயர், தண்டையல் யார், ஆட்கள் எத்தனை பேர், ஆயுதம் என்ன, எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். சீட்டு இல்லாத கப்பலைப் பிடித்துச் சரக்கைப் பறிக்கலாம். கடல் யாருடையது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டதும் அவர்கள், விலை வைத்ததும் அவர்கள்.

பின்னால் வந்த டச்சுக்காரர்கள் 1610ல் விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரிடம் கவுல் என்ற அனுமதிப் பத்திரம் வாங்கி இங்கே குடியேறினார்கள். மற்ற ஐரோப்பியருக்கு இடம் தரக்கூடாது என்பது அந்தக் கவுலின் உயிர்நாடி. 1612ல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுகீசியர் அவர்களுடைய பண்டகசாலையைத் தாக்கி அழித்தார்கள். 1613ல் டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுடைய தலைமையிடம் இந்த ஊர்தான். இன்று கோட்டை இருந்த இடத்தில் முட்புதர்தான். கல்லறைத் தோட்டத்து வாசலில் நிற்கும் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து கார்கள் வருகின்றன.

டச்சுக்காரர்களும் சீட்டு கொடுத்தார்கள். 1641ல் மலாக்கா அவர்கள் கைக்கு வந்த பிறகு அச்சே, பேராக், கெடா பக்கம் போகிற நம் கரைக் கப்பல்களுக்குச் சீட்டு மறுக்கத் தொடங்கினார்கள். வெள்ளீயம் முழுக்கத் தங்களுக்கே வேண்டும் என்பதுதான் காரணம். அவர்களுக்கே துணி கொள்முதல் செய்து கொடுத்த சின்னண்ணச் செட்டியைப் போன்ற பெருவணிகர்கள்கூட அவர்கள் மனம் வைத்தால்தான் கப்பல் விட முடியும். அதே கோட்டையின் நிழலிலிருந்துதான் பஞ்ச காலங்களில் பிடித்தும் விலைக்கு வாங்கியும் பல்லாயிரம் பேரை அடிமைகளாக பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள். வியாபாரிக்குக் கொடுக்க யோசித்த அனுமதியை, திரும்பி வர வழியே இல்லாத அந்த ஏழைகளிடம் யாரும் கேட்கவில்லை. அந்தக் கல்லறைத் தோட்டத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது பெயர் பொறித்த கற்களுக்கு அடியில் இருப்பவர்கள் அல்ல, இவர்கள்தான்.

1825ல் ஊர் ஆங்கிலேயர் வசம் வந்தது. 1852ல் ரங்கூனும் அவர்கள் கைக்குப் போன பின் ஏறத்தாழ நூறு வருடம் ரங்கூனும் பினாங்கும் கொழும்பும் ஒரே கொடியின் கீழ் இருந்தன. முதல் உலகப் போர் வரைக்கும் பாஸ்போர்ட் என்பது சாதாரண மனிதனின் கையில் இருந்த பொருளல்ல. தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி முறைக்குத் தனிச் சட்டங்கள் இருந்தன. சொந்தக் காசில் போகிறவர் டிக்கெட் வாங்கினால் போதும். 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இந்தக் கரையெங்கும் இருக்கிறார்கள்.

கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டது பிறகுதான். 1941ல் பர்மாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே குடியேற்ற ஒப்பந்தம் போட்டார்கள். ரங்கூன் போக பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும் என்றார்கள். 1949 நவம்பரில் இலங்கையின் குடிவரவுச் சட்டம் அமலுக்கு வந்தது. 1953 ஆகஸ்டில் மலாயாவும் சிங்கப்பூரும் கட்டுப்படுத்தின.

இவற்றில் இலங்கைக் கதையை நான் யாருக்கும் சுருக்கிச் சொல்வதில்லை. பாஸ்போர்ட் இல்லாமல் மன்னார்க் கரையில் இறங்கித் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு தலைமுறை உழைத்தவர்களிடம், 1949ல் வந்த குடியுரிமைச் சட்டம் ஒரு கேள்வி கேட்டது: 1946 ஜனவரிக்கு முன்பு தொடர்ந்து ஏழு வருடம், திருமணமாகாதவர் என்றால் பத்து வருடம், இங்கே இருந்ததற்கு என்ன சான்று? வரும்போது யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. அதனால் பலர் கையில் சான்று இல்லை. சுமார் எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பம் போனது. குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. குடிவரவுச் சட்டம் வருவதற்கு முன்பு வந்தவர்களையும் சேர்த்தே ‘கள்ளத்தோணி’ என்று ஏசினார்கள். 1964ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்டு 5,25,000 பேர் இந்தியா, 3,00,000 பேர் இலங்கை என்று பங்கு பிரித்தபோது, பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் கலந்து பேசவில்லை. சும்மா உள்ளே விட்டதற்கு விலை இப்படித்தான் வந்தது.

பழவேற்காடு கடைத்தெருவில் பாஸ்போர்ட், விசா விண்ணப்பங்கள் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. சென்ற மாதம் குப்பத்து அக்கா ஒருவர் வந்தார். மகளுக்கு கிள்ளானில் பிரசவம். மூன்று மாதம் கூட இருக்க வேண்டும்.

“தம்பி, மலேசியாவுக்கு இப்ப விசாவே வாணாமாமே. டிக்கெட் மட்டும் போட்டுக் குடு.”

“வேணாம்தான் அக்கா. ஆனா முப்பது நாள்தான். அதுக்கு மேல ஒரு நாள் ஆனாலும் தப்பு.”

“அங்க போய் நீட்டிக்க முடியாதா? எல்லாரும் பண்றாங்கன்னு சொல்றாங்களே.”

அவருக்குப் புரியும்படி சொல்லப் பழவேற்காடு ஏரியிலேயே வழி இருந்தது. இங்கே சில குப்பங்களுக்கு ‘பாடு’ என்ற மீன்பிடி உரிமை உண்டு. இறாலுக்குச் சுத்து வலை கட்டும் இடங்களைத் தலைக்கட்டுகளுக்குள் குலுக்கல் போட்டு, முறை வைத்து மீன் பிடிப்பார்கள். அடுத்தவர் முறையில் வலை கட்டினால் ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் போடும். “யாரும் தடுக்கலன்னு அடுத்தவங்க பாட்டுல வலை கட்டுவீங்களா அக்கா?” என்றேன். “அது எப்படிக் கட்டறது?” என்றவர், சற்று யோசித்து, “சரி, அப்ப என்னா பண்ணணும் சொல்லு” என்றார்.

விசா இல்லா நுழைவு என்பது அந்த நாட்டு அரசாங்கம் தேதி போட்டுத் தருகிற சலுகை. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் நமக்கு அதைக் கொடுத்தது. முதலில் ஒரு வருடத்துக்குச் சற்று மேல், பிறகு 2026 கடைசி வரை என்று நீட்டியது. தாய்லாந்து 2023 நவம்பரில் 30 நாள் கொடுத்தது, 2024 ஜூலையில் 60 நாள் ஆக்கியது. சுற்றிப் பார்க்கப் போகிறவர் இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், நானே அனுப்பி வைக்கிறேன். அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். ஆனால் பேறுகாலம் பார்க்கவும், பேரனை வளர்க்கவும், வேலை தேடவும் போகிறவருக்கு அந்த முப்பது நாள் போதாது. முப்பதாவது நாள் எல்லை தாண்டி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி நுழைகிறவர்களை அதிகாரிகள் நன்றாக அறிவார்கள்; அடுத்த முறை வாசலிலேயே திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை உண்டு. சும்மா போ, வேலை போட்டுத் தருகிறேன் என்று பையன்களிடம் காசு வாங்கும் தரகர்களை நான் கடைக்குள் சேர்ப்பதில்லை. அப்படிப் போகிறவன் அங்கே கூலியும் கேட்க முடியாது, காயம் பட்டால் ஆஸ்பத்திரிக்கும் தைரியமாகப் போக முடியாது.

நீண்ட நாள் தங்க வேண்டுமென்றால், எதற்குப் போகிறோம் என்ற உண்மைக் காரணத்தை முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அதற்குரிய பாஸை வாங்கிக்கொள்வதே சரி. இதில் செலவு அதிகம், அலைச்சல் அதிகம், மறுக்கப்படவும் கூடும். இருந்தாலும் கையில் சீட்டு இருக்கும். ஷாபந்தரின் இடத்தில் இன்று மருமகன் இருக்கிறார். எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கும் சில பிரிவினர் பெற்றோருக்கும் மாமனார் மாமியாருக்கும் நீண்ட கால வருகை பாஸ் கேட்க மலேசியாவில் இடம் உண்டு. அக்காவின் மருமகன் அந்தப் பிரிவுக்குள் வருகிறார். மகளின் திருமணப் பதிவு, அக்காவின் பெயர் இருக்கிற மகளின் பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் ஸ்கேன் செய்து அவருக்கு அனுப்பியிருக்கிறேன். பிறப்புச் சான்றிதழில் அக்காவின் பெயர் ஒரு எழுத்து பிசகி இருந்ததால் பொன்னேரி போய் அதைத் திருத்தி வாங்கினோம். மனு அங்கே உள்ளே போயிருக்கிறது. பதில் வந்ததும்தான் டிக்கெட் போடுவோம்.