முட்டையிலேயே முடியட்டும் இழப்பு

தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் வட்டாரத்தில் பட்டுப்புழு வளர்ப்புக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஆண்டுக்கு ஐந்தாறு முறை கையில் காசு தரும் தொழில் என்பது ஒன்று. ஒரே இரவில் மொத்தத்தையும் குப்பைக்குழிக்கு அனுப்பிவிடும் தொழில் என்பது மற்றொன்று. இரண்டுமே உண்மை. உயிரை வளர்த்து விற்கும் எந்தத் தொழிலிலும் சாவு உண்டு என்றாலும், இதைப்போல ஆயிரக்கணக்கில், அதுவும் விளைச்சல் கைக்கு வரும் வாரத்தில் சாவு விழும் தொழில்கள் குறைவு. அப்படியிருந்தும் இரு நூற்றாண்டுக்கு மேலாக மைசூர்ப் பீடபூமியிலும் அதன் தமிழக ஓரத்திலும் இத்தொழில் அழியவில்லை. விவசாயியின் பொறுமையும் மன உறுதியும்தான் காரணம் என்று புகழ்ந்துவிட்டு நகர்வது எளிது. ஆனால் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. பட்டு வளர்ப்பு பிழைத்தது இழப்பை ஒழித்ததால் அல்ல, இழப்பு நேரும் இடத்தை மாற்றியதால். விவசாயியின் வீட்டில், மல்பெரித் தழையும் உழைப்பும் செலவான பிறகு நேர்ந்த சாவை, செலவு மிகக் குறைவாக இருக்கும் முந்தைய கட்டத்துக்கு, கடைசியில் முட்டைக்கே, படிப்படியாகத் தள்ளிய வரலாறு இது. எங்கே அப்படித் தள்ள முடிந்ததோ அங்கே தொழில் நின்றது. எங்கே முடியவில்லையோ அங்கே மல்பெரித் தோட்டம் அழிந்தது.

இதை விளங்கிக்கொள்ளப் புழுவின் கணக்கு தெரிய வேண்டும். ஒரு தாய் அந்துப்பூச்சி இடும் முட்டைகள் 400 முதல் 500 வரை. அதுதான் ஒரு முட்டைத் தொகுதி. நூறு தொகுதி வாங்குபவர் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். முட்டை பொரிந்த பின் புழு நான்கு முறை தோலுரித்து, ஐந்து பருவங்களைக் கடந்து, ஏறக்குறைய 25 நாளில் கூடு கட்டத் தயாராகிறது. முதல் இரண்டு பருவங்களில் அது தின்பது மொத்தத் தீனியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். ஐந்தாம் பருவத்தில் மட்டும் 80 பங்குக்கு மேல் தின்கிறது. பால்போல் நீர் வடிந்து சாகும் கிராசரி, உடல் துவண்டு அழுகும் பிளாச்சரி, சுண்ணாம்புக்கட்டிபோல் இறுகவைக்கும் மஸ்கார்டின் ஆகிய நோய்களின் பெருஞ்சாவு பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் பருவங்களில்தான் வெளிப்படும். தழை பறித்த கூலி, நீர், உரம் எல்லாம் செலவான பிறகே விவசாயிக்குச் செய்தி தெரியும். முட்டையில் அழிந்தால் சில நூறு ரூபாயோடு போவது, கடைசி வாரத்தில் அழிந்தால் ஒரு முழுப் பயிரின் உழைப்போடு போகிறது. ஆகவே எத்தனை புழு செத்தது என்பதைவிட எந்த நாளில் செத்தது என்பதுதான் வளர்ப்பவரின் தலையெழுத்தை முடிவு செய்கிறது.

தொடக்க காலத்தில் இந்தக் கணக்கு யாருக்கும் பிடிபடவில்லை. தேன்கனிக்கோட்டையும் ஓசூரும் அடங்கிய பாலகாட் பகுதி 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழும்வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. அந்த நாட்டுக்குள் பட்டு வளர்ப்பை ஒரு தொழிலாக ஊன்ற முயன்றவர் திப்பு சுல்தான். 1780களில் புழு கொண்டுவரவும் வளர்க்கும் முறையைக் கற்றுவரவும் வங்காளத்துக்கு ஆட்களை அனுப்பினார். அவர்கள் திரும்பும்போது, புழுக்களை வைக்க எந்த இடம் ஏற்றது என்று அவர்களிடமே கேட்டறியும்படி அதிகாரிக்கு எழுதினார். இடமும் தட்பவெப்பமும் முக்கியம் என்ற புரிதல் அதில் இருக்கிறது. வித்தே, அதாவது முட்டையே, நோயைச் சுமந்து வரலாம் என்ற புரிதல் அதில் இல்லை. அதே காலத்தில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் மல்பெரிக் கன்றுகளை வளர்த்துப் பல ஊர்களுக்கு அனுப்பி, வங்காளப் புழுக்களைப் பரப்பப் பெரும்பாடு பட்டார். அரசு ஆதரவும் ஆர்வமும் இருந்தும் அந்த முயற்சி நிலைக்கவில்லை. ஆர்வம் மட்டும் போதுமென்றால் ஆண்டர்சனின் பட்டு இன்றும் இருந்திருக்க வேண்டும்.

உண்மையான திருப்பம் ஐரோப்பாவின் பெருந்தோல்வியிலிருந்து வந்தது. 1853இல் சுமார் 26,000 டன் கூடு விளைந்த பிரான்ஸில் பெப்ரின் என்ற நோய் பரவி, 1865இல் விளைச்சல் ஏறத்தாழ 4,000 டன்னாகச் சரிந்தது. ஆராய அழைக்கப்பட்டவர் வேதியியலாளர் லூயி பாஸ்டர். அதற்கு முன் பட்டுப்புழு பற்றி அவர் ஆராய்ந்தவரே அல்லர். 1865 தொடங்கி ஆலெஸ் நகரில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த அவர், நோயுற்ற புழுக்களில் தென்பட்ட நுண்துகள்களை முதலில் நோயின் விளைவு என்றே எண்ணினார். பிறகுதான் நோய் தாயின் உடலிலிருந்து முட்டைக்குள் போகிறது என்பதை நிறுவினார். அவர் தந்த தீர்வு மருந்து அல்ல, ஒரு வடிகட்டும் முறை. ஒவ்வொரு தாய்ப்பூச்சியையும் தனித்தனியே முட்டையிட விட வேண்டும். பிறகு அதை நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நோய்த்துகள் தென்பட்டால் அதன் முட்டை அத்தனையையும் அழிக்க வேண்டும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் முட்டைகளை வேண்டுமென்றே அழிப்பது வளர்ப்பவருக்குக் கசப்பான காரியம். ஆனால் பின்னால் வரவிருக்கும் பேரிழப்பை முன்னாலேயே சிறிதாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. இன்றும் முட்டை தயாரிக்கும் வித்தகங்களில் நடப்பது அடிப்படையில் இதே வேலைதான்.

மைசூர் நாடும் அதே காலத்தில் நோயால் அடிபட்டது. 1866 வாக்கில் பெங்களூரில் இருந்த தே வெக்கி என்ற இத்தாலியர் ஜப்பானிலிருந்து முட்டைகளை வரவழைத்துப் பார்த்தார், அதுவும் நிலைக்கவில்லை. வெளிநாட்டு முட்டையை இறக்குவது மட்டும் போதாது, இங்கேயே நோயற்ற வித்தை உண்டாக்கும் அமைப்பு வேண்டும் என்பது மெல்ல உறைத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாம்ஷெட்ஜி டாடா ஜப்பானிய வல்லுநர்களைக் கொண்டு பெங்களூரில் பட்டுப் பண்ணை அமைத்தார். 1914 வாக்கில் மைசூர் அரசு, வாஷிங்டன் மாரி என்ற இத்தாலிய வல்லுநரின் துணையோடு சென்னபட்டணத்தில் பண்ணை நிறுவியது. 1920களில் உள்ளூர் மைசூர் இனத் தாயோடு அயல் இன ஆணைக் கலந்த ஒட்டு வித்து பரவியது. தேன்கனிக்கோட்டைப் பகுதிக்கு இதில் இடம் கிடைத்தது ஓர் அரசியல் இழப்பால். சென்னை மாகாணத்தின் முக்கியப் பட்டு மையம் கோவை மாவட்டத்தின் கொள்ளேகால் தாலுகா. 1956 நவம்பரில் மொழிவாரிப் பிரிப்பில் அது மைசூரோடு போயிற்று. பட்டுப்பயிரில் பெரும்பங்கை ஒரே நாளில் இழந்த சென்னை மாநிலம், எல்லையோரத்து ஓசூர், தேன்கனிக்கோட்டை, தாளவாடிப் பகுதிகளில் அதை மீண்டும் ஊன்ற வேண்டியதாயிற்று. ஏறக்குறைய 900 மீட்டர் உயரமும் மிதமான வெப்பமும் கொண்ட இந்த மேட்டுநிலம் அதற்கு ஏற்றதாக அமைந்தது. 1979இல் தமிழ்நாட்டில் பட்டு வளர்ச்சிக்குத் தனித்துறை உருவானது. ஓசூரில் மத்தியப் பட்டு வாரியம் அமைத்த மரபுவள மையம் ஆயிரத்துக்கு மேற்பட்ட மல்பெரி வகைகளையும் நானூறுக்கு மேற்பட்ட புழு இனங்களையும் காத்துவருகிறது. ஓர் இனம் தோற்றால் இன்னொன்றை எடுக்க இடம் இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

இழப்பை முன்னே தள்ளும் வேலை வித்தோடு நிற்கவில்லை. பொரிந்த புழுவை இரண்டாம் தோலுரிப்புவரை தேர்ந்த கைகள் ஒரே இடத்தில் வளர்த்துக் கொடுக்கும் இளம்புழு வளர்ப்பு மையங்கள் வந்தன. மிக மென்மையான பருவத்தின் ஆபத்து விவசாயியின் வாசலுக்கு வராமலே கழிந்தது. குடியிருக்கும் வீட்டுக்குள்ளேயே மூங்கில் தட்டில் வளர்த்தது போய், தனி வளர்ப்பு மனையும், ஒவ்வொரு பயிருக்கும் முன் கிருமிநீக்கமும் வந்தன. 1980இல் வங்காளத்திலிருந்து வந்த கூடுகளோடு ஊஜி ஈ கர்நாடகத்துக்குள் நுழைந்து பரவியபோது இதே பாடம் திரும்ப வந்தது. ஈ முதிர்ந்த புழுவின் மேல் முட்டையிடும். அதன் புழு உள்ளே தின்று, கூட்டைத் துளைத்து வெளியேறும். துளைபட்ட கூட்டில் நூல் இழுக்க வராது. சன்னல்களுக்கு நைலான் வலையும், ஈயின் கூட்டுப்புழுவை அழிக்கும் நெசோலின்க்ஸ் தைமஸ் என்ற சிறு குளவியும் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தன. 2008இல் கோவையில் தென்பட்டு அடுத்த இரண்டு ஆண்டுகளில் தமிழகத்து மல்பெரித் தோட்டங்களைச் சூறையாடிய பப்பாளி மாவுப்பூச்சிக்கும் அப்படியே. விஷ மருந்து அடித்த தழையைப் புழு தின்றால் புழுவே சாகும் என்பதால் விவசாயி கைகட்டி நின்றார். 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த மூன்று ஒட்டுண்ணிக் குளவிகளை விட்டபின் சில மாதங்களில் பூச்சி அடங்கியது. தனியொரு விவசாயி எவ்வளவு துணிவோடு இருந்தாலும் இதில் எதையும் தானாகச் செய்திருக்க முடியாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். நுண்ணோக்கியும் வித்தகமும் இல்லாத காலத்திலும் பழைய மைசூர் இனம் பிழைத்துத்தானே வந்தது? வெயிலையும் மோசமான தழையையும் தாங்கும் அந்த இனத்தை விட்டுவிட்டு, அதிக நூல் தரும் நோஞ்சான் இனங்களுக்குப் போனதால்தான் இவ்வளவு காவல் தேவைப்படுகிறது என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. பழைய இனத்தின் தாங்கும் திறன் கட்டுக்கதை அல்ல. ஒட்டு வித்தில் தாயாக அதையே வைத்ததும், மாகடி, குனிகல் வட்டாரங்களை அதன் வித்துக்கென்றே ஒதுக்கிக் காத்ததும் அந்த மதிப்பினால்தான். ஆனால் அதன் கூட்டில் கிடைக்கும் இழை அதிக நூல் தரும் அந்த வெண்பட்டு இனங்களின் இழையில் பாதிகூட வராது. அந்த வருமானத்தோடு இன்றைய கூலியையும் நீர்ச்செலவையும் எவராலும் ஈடுகட்ட முடியாது. மேலும் அந்த இனமும் பெப்ரினுக்கு விலக்கு பெற்றதல்ல; நோய் பரவிய ஆண்டுகளில் அதுவும் விழுந்தது. ஊர் ஊராக வளர்ப்பு அற்றுப்போய், பிறகு வேறிடத்து வித்தால் திரும்ப முளைத்ததைப் பிழைப்பு என்று சொல்லலாம். ஆனால் இடையில் அற்றுப்போன குடும்பங்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. முன்பு விவசாயி தன் கூட்டிலிருந்தே வித்துக்கு எடுத்துவைத்தார். ஒட்டு வித்து வந்தபின் அது முடியாது. அடுத்த தலைமுறையில் குணங்கள் சிதறிவிடும். இழப்பை வித்தகத்துக்கு அனுப்பினோம் என்றால், கூடவே அதிகாரத்தையும் அனுப்பிவிட்டோம். வித்தகத்தில் ஒரு பரிசோதகர் அசட்டையாக இருந்தால் நூறு வீடுகளில் ஒரே நேரத்தில் பயிர் போகும். இதை மறுக்க முடியாது. மறுக்காமல் சட்டத்தால் எதிர்கொண்டதுதான் வரலாறு. கர்நாடகம், அன்றைய மைசூர் மாநிலம், 1959இலேயே வித்தையும் கூட்டையும் ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. 2006இல் மத்தியப் பட்டு வாரியச் சட்டத்தைத் திருத்தி, வித்துத் தயாரிப்போர் பதிவு செய்து தரத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று வைத்தார்கள். சார்பு கூடியது உண்மை. அதற்கு மருந்து பழைய நாளுக்குத் திரும்புவதில் இல்லை, வித்தகத்தைப் பதில் சொல்ல வைப்பதில் இருக்கிறது.

ஆனால் முன்னே தள்ள முடியாத இழப்பு ஒன்று உண்டு. அது அங்காடியில் நேர்வது. 1930களின் பெருமந்தத்தில் ஜப்பான், சீனப் பட்டும் செயற்கைப் பட்டும் வந்து குவிந்தபோது, நோயை வென்ற மைசூர் விவசாயி விலையிடம் தோற்றார். 1934இல் பாதுகாப்பு வரி வந்த பிறகே மூச்சு விட்டார். 2011 மத்திய நிதிநிலை அறிக்கையில் கச்சாப் பட்டின் இறக்குமதி வரி 30 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்ததும் கூட்டு விலை சரிந்தது. ராமநகர வட்டாரத்தில் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். இந்த இழப்பு ஐந்தாம் பருவமும் முடிந்து, கூடு கூடைக்கு வந்த பிறகு, முழுச் செலவும் ஆன பிறகு விழுகிறது. இதற்கு நுண்ணோக்கி இல்லை. தேன்கனிக்கோட்டையில் மல்பெரியைப் பிடுங்கித் தக்காளியும் ரோஜாவும் வைத்தவர்களைப் பொறுமை இழந்தவர்கள் என்று சொல்வது அநியாயம். ஓசூரில் டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் ஆலைகளும், இப்போது தேன்கனிக்கோட்டை தாலுகாவுக்குள்ளேயே டாடா எலெக்ட்ரானிக்ஸும் மாதச் சம்பளம் தரும் ஊரில், கடைசி நாளில் வரும் இழப்பை முழுதாகத் தாங்கும்படி யாரையும் கேட்க முடியாது. நோய்க்கு ஏற்பாடு செய்த இடத்தில் மக்கள் நின்றார்கள்; விலைக்கு ஏற்பாடு செய்யாத இடத்தில் கணக்குப் போட்டு விலகினார்கள்.

ஆகவே பட்டு வளர்ப்போருக்குத் தன்னம்பிக்கைப் பேச்சு தேவையில்லை. நஷ்டத்தைத் தாங்கும் மனம் அவர்களிடம் எப்போதும் இருந்திருக்கிறது. அது போதாது என்பதற்கு ஆண்டர்சன் முதல் 2011 வரை சான்று இருக்கிறது. தேவைப்படுவது இரண்டு. தவறான வித்தால் பயிர் போனால் இழப்பீட்டை வித்துக் கொடுத்தவரே ஏற்க வேண்டும். கூட்டு விலை ஓர் அளவுக்குக் கீழே போனால் அந்தச் சுமையை அரசும் நூற்பாளரும் நெசவாளரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முட்டையில் செய்ததை அங்காடியிலும் செய்தால் இந்த மேட்டுநிலத்தில் மல்பெரி நிலைக்கும். இல்லையென்றால் மரபுவள மையத்தின் அறைகளில் புழு இனங்கள் இருக்கும், அவற்றை வளர்க்க ஆள் இருக்காது.