குழுவைப் பிரிந்த குரல்: கொச்சியின் மதர்ஜேனும் சூரஜ் மணியின் தனி ஆல்பமும்

கொச்சி: புகழ்பெற்ற ஹெவி மெட்டல் குழுவின் பாடகர் தனியாக ஆல்பம் வெளியிடுவது மேலைநாட்டு ராக் இசையில் பழகிப்போன செய்தி. கேரளத்தில் அது அரிது. கொச்சியைச் சேர்ந்த மதர்ஜேன் குழுவின் முகமாகவும் குரலாகவும் விளங்கிய சூரஜ் மணி, குழுவிலிருந்து விலகியபின் 'தி தத்வா ட்ரிப்' என்ற பெயரில் தன் முதல் தனிப் படைப்பைத் தந்தார். திரைப்பட இசை ஏறத்தாழ அனைத்தையும் விழுங்கிவிடும் ஒரு மாநிலத்தில், ஆங்கிலத்தில் பாடும் ஒரு ராக் பாடகர் எடுத்த இம்முடிவின் எடையை அறிய, அந்நகரின் இசைப் பின்னணியிலிருந்து தொடங்க வேண்டும்.

கொச்சியின் மட்டாஞ்சேரி மிளகு, இஞ்சிக் கிடங்குகளுக்கும் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதத் தேவாலயத்துக்கும் பெயர் பெற்றது. கொங்கணி, குஜராத்தி, தமிழ், உருது எனப் பல மொழிகள் ஒரே தெருவில் ஒலிக்கும் அப்பகுதியில், இரவு நேர 'மெஹ்ஃபில்' கச்சேரிகள் தனி மரபாக வளர்ந்தன. பாடகர் மெஹ்பூபும், மலையாளத்தில் கசல் பாடி 2018-இல் மறைந்த உம்பாயியும் அம்மரபின் பிள்ளைகள். ஆர்மோனியமும் தபலாவும் ஒலித்த அதே நகரில், தேவாலயப் பாடகர் குழுக்கள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், விடுதி மேடைகள் வழியாகக் கிதாரும் டிரம்ஸும் மற்றொரு நீரோட்டமாக ஓடின.

அந்த இரண்டாம் நீரோட்டத்தின் முதல் பெரிய பெயர் '13 ஏடி'. கொச்சியின் சீலார்ட் ஓட்டலில் நாள்தோறும் வாசித்துப் பழகிய இக்குழு, 1990-இல் 'கிரவுண்ட் ஜீரோ' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. பிறர் பாடல்களை அச்சு அசலாக வாசிப்பதே திறமையின் அளவுகோலாக இருந்த காலத்தில், சொந்தமாக எழுதிய ஆங்கிலப் பாடல்களோடு ஒரு கேரளக் குழு வந்தது நாடெங்கும் கவனிக்கப்பட்டது. ஆயினும் அதைக் கொண்டு குடும்பம் நடத்த இயலவில்லை. உறுப்பினர்கள் வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றனர். கேரளத்தில் இதற்குத் தனி விளக்கம் தேவையில்லை.

தற்செயலாக, அதே 1990-ஆம் ஆண்டு மே மாதம்தான் பிரிட்டனின் அயர்ன் மெய்டன் குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் தம் முதல் தனி ஆல்பமான 'டாட்டூட் மில்லியனர்' மூலம் தனித்து வந்தார். அதன் தோற்றம் வேடிக்கையானது. 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' திகில் பட வரிசையின் ஐந்தாம் பாகத்துக்கு ஒரு பாடல் கேட்டார்கள். கிதார் கலைஞர் ஜானிக் கெர்ஸுடன் சேர்ந்து அவர் அதைப் பதிவு செய்தார். அதன் விளைவாகவே முழு ஆல்பமும் பிறந்து, பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் 14-ஆம் இடம் பெற்றது. திரைப்படத்துக்கென எழுதிய அந்தப் பாடலையோ குழுவே எடுத்துக்கொண்டு மீண்டும் பதிவு செய்ய, அது 1991 ஜனவரியில் அந்நாட்டில் முதலிடத்தைப் பிடித்தது. கெர்ஸும் அயர்ன் மெய்டனில் சேர்ந்துவிட்டார். தனி ஆல்பத்தால் முதலில் பயனடைந்தது குழுதான் என்று சொன்னால் மிகையாகாது. டிக்கின்சன் 1993-இல் விலகி, 1999-இல் திரும்பினார்.

அவருக்குப் பின்னால் ஒரு பெரிய இசைத்தட்டு நிறுவனமும் உலகச் சந்தையும் இருந்தன. கொச்சியில் இருந்தவை கல்லூரி விழாக்களும் ஓரிரு மதுக்கூட மேடைகளுமே.

மதர்ஜேன் 1996-இல் தொடங்கப்பட்டது. சூரஜ் மணி பாட, பைஜு தர்மஜனும் தீபு சசிதரனும் கிதார், கிளைட் ரொசாரியோ பேஸ் கிதார், ஜான் தாமஸ் டிரம்ஸ் என அமைந்த அணியே பரவலாக அறியப்பட்டது. 'இன்சேன் பயோகிராஃபி' என்ற முதல் ஆல்பத்தை அடுத்து, 2008-இல் 'மக்தூப்' வெளிவந்தது. 'எழுதப்பட்டது' எனப் பொருள்படும் அரபுச் சொல் அது. தலையெழுத்து என்றும் கொள்ளலாம்.

'மக்தூப்' ஆல்பத்தின் சிறப்பு அதன் கிதாரில் உள்ளது. கர்நாடக இசையின் கமகத்தில் சுரம் ஓரிடத்தில் நில்லாது, அடுத்த சுரத்தைத் தொட்டு அசைந்து மீளும். சாதாரணக் கிதாரில் மீட்டிய ஒலி விரைவில் தேய்ந்துவிடுவதால் அந்த அசைவுக்கு நேரம் போதாது. ஹெவி மெட்டலின் 'டிஸ்டார்ஷன்' ஒலியை நீட்டித்து நிறுத்துகிறது. தந்தியை இழுத்தும் வழுக்கியும் பைஜு வாசித்த கமகங்கள் உயிர் பெற்றது அதனால்தான். இரைச்சல் என்று பலர் ஒதுக்கும் அதே கருவிதான் இங்கே ராகத்துக்குத் துணை நின்றது. அதன்மேல் உறுமல் இன்றித் தெளிந்த குரலில் சூரஜ் பாடினார். 'சேசிங் தி சன்', 'ஃபீல்ட்ஸ் ஆஃப் சவுண்ட்' ஆகிய பாடல்களில் குரலும் கிதாரும் ஒன்றையொன்று தொடரும் விதம், பாடகருக்கும் வயலின் கலைஞருக்கும் இடையிலான கச்சேரி உறவை நினைவூட்டுவதாகும்.

அயர்ன் மெய்டன் 2007 மார்ச்சில் பெங்களூருவுக்கு வந்தபின் வெளிநாட்டு மெட்டல் குழுக்களின் வருகை பெருகியது. 2008-இல் பெங்களூருவில் மெகாடெத் குழுவுக்கும், 2009 பிப்ரவரியில் சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் சுவீடனின் ஓபெத் குழுவுக்கும் முன்னதாக மேடையேறியது மதர்ஜேன். சென்னை ரசிகர்கள் பலருக்கு இக்குழு அறிமுகமானது அந்த இரவில்தான்.

உச்சத்தில் இருந்தபோதே குழு பிரிந்தது. 2010-இல் பைஜு விலகினார். பின்னர் சூரஜும் விலகினார். பைஜு, 'பைஜு தர்மஜன் சிண்டிகேட்' என்ற பெயரில் கிதாரை முன்னிறுத்தினார். சூரஜ், 'சூரஜ் மணி அண்ட் தி தத்வா ட்ரிப்' என்று மேடையேறினார். மதர்ஜேன் புதிய பாடகருடனும் புதிய கிதார் கலைஞருடனும் தொடர்ந்தது. ஒரே ஒலி மூன்றாகப் பிரிந்தது எனலாம்.

இங்கேதான் தனி ஆல்பத்தின் உண்மையான சோதனை இருக்கிறது. டிக்கின்சனுக்குத் திரும்பிச் செல்ல ஒரு வீடு இருந்தது. சூரஜ் விட்டு வந்ததோ அவருடைய குரலுக்கு இணையாகப் பேசிய ஒரு கிதாரை. அதுவும் அதற்குள் வேறு வழியில் சென்றுவிட்டது. ரசிகர்கள் புதிய படைப்பில் பழைய மதர்ஜேனைத் தேடியது இயல்பே. ஆனால் அந்த ஒப்பீடு பாடகருக்கு நியாயம் செய்வதாகாது.

அவருக்கு வேறு வழிகளும் இருந்தன. 'மக்தூப்' வந்த அதே 2008-இல் திருவனந்தபுரத்தின் அவியல் குழு மலையாளத்தில் ராக் பாடி, குழுவின் பெயரிலேயே ஆல்பம் வெளியிட்டது. அதன் கிதார் கலைஞர் ரெக்ஸ் விஜயன் பின்னர் மலையாளத் திரையிசையில் நிலைபெற்றார். தாய்மொழியும் திரைப்படமும் திறந்துவிட்ட அந்தக் கதவை நாடாமல், சூரஜ் தன் பாடல்களைத் தானே எழுதி ஆங்கிலத்திலேயே பாடினார்.

அவருக்குப் பின் வந்தவர்கள் ஒலியை மேலும் கடுமையாக்கினர். திருவனந்தபுரத்தின் கேயாஸ் குழு 2013-இல் 'வயலன்ட் ரிடெம்ப்ஷன்' ஆல்பத்தையும், கண்ணூரின் தி டவுன் ட்ராடன்ஸ் குழு 2014-இல் தன் முதல் ஆல்பத்தையும் வெளியிட்டன. கண்ணூர்க் குழுவின் பாடல்களில் தெய்யத்தின் மேளமும் சேர்ந்தே ஒலிக்கிறது.