கிளைகளை எண்ணினால் போதுமா? கருவின் குருதிநாளங்களும் தடுக்கும் ஏற்பிகளும்

ஆலங்குடிச் சுற்றுவட்டாரத்தில் கோழி வளர்ப்பவர்கள் அடை வைத்த முட்டையைச் சில நாள் கழித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். சிவப்பு நரம்பு ஓடினால் கரு பிடித்திருக்கிறது; ஓடாவிட்டால் கூமுட்டை. நம் கல்லூரி ஆய்வகங்கள் பலவற்றிலும் ஏறக்குறைய இதே சோதனைதான் நடக்கிறது. ஓட்டில் சிறு திறப்பு வெட்டி, மூலிகைச் சாற்றையோ மருந்தையோ இட்டு, நாளக் கிளைகளை எண்ணுகிறார்கள். கூடினால் தூண்டல், குறைந்தால் தடுப்பு என்று முடிவு எழுதுகிறார்கள். கோழி வளர்ப்பவருக்கு அந்த அளவு விடை போதும். ஆய்வாளருக்குப் போதாது. ஏனெனில் கருவில் நாளங்களின் அமைப்பைத் தீர்மானிப்பதில், ‘வளர்’ என்னும் ஏற்பிகளுக்கு நிகராக, ‘நில்’, ‘விலகு’ என்னும் ஏற்பிகளுக்கும் பங்குண்டு. கிளை எண்ணிக்கை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது.

நாள வளர்ச்சிக்கு முதன்மையான புரதம் விஇஜிஎஃப். நாளங்களின் உட்சுவராக அமையும் எண்டோதீலியச் செல்களின் மேற்பரப்பில் இதைப் பற்றும் இரு ஏற்பிகள் பற்றி 1995இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த எலி ஆய்வுகள்தாம் இவ்வாதத்தின் அடிப்படை. இரண்டாம் ஏற்பி இல்லாத கருவில் நாளமே உருவாகவில்லை. ஒன்பதாம் நாளை ஒட்டி அது இறந்தது. முதலாம் ஏற்பி இல்லாத கருவும் இறந்தது, ஆனால் நேர்மாறான காரணத்தால்: எண்டோதீலியச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகி, ஒழுங்கற்ற பைகளாகத் திரண்டுவிட்டன. 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த முதலாம் ஏற்பியின் உட்புற நொதிப் பகுதியை மட்டும் நீக்கிப் பார்த்தனர். எலிக்குஞ்சுகளின் நாளங்கள் இயல்பாக அமைந்தன. ஆக, கருவில் அதன் முக்கியப் பணி செல்லுக்குள் செய்தி அனுப்புவதன்று. விஇஜிஎஃபை இறுகப் பற்றி வைத்துக்கொண்டு, நிரம்பிய கண்மாயின் கலிங்குபோல மிகுதியைக் கழித்துவிடுவதே. அந்தப் புரதத்தின் அளவில் கருவுக்கு எவ்வளவு கண்டிப்பு என்பதற்கு இன்னொரு சான்று: அதன் மரபணுவின் இரு படிகளில் ஒன்றை இழந்தாலே எலிக்கரு பிழைப்பதில்லை என்று 1996இல் இரு குழுக்கள் காட்டின.

அடுத்த தடை அண்டைச் செல்களுக்கிடையே நிகழ்கிறது. விஇஜிஎஃப் மிகுந்த திசையை நோக்கி ஒரு செல் முனைச்செல்லாகி, மெல்லிய இழைகளை நீட்டி நகர்கிறது. அது தன் மேற்பரப்பில் டிஎல்எல்-4 புரதத்தை ஏந்தி, பக்கத்துச் செல்லின் நாட்ச் ஏற்பியைத் தூண்டி, அந்தச் செல் முனைச்செல்லாகாதபடி அடக்குகிறது. இந்தத் தடையை எடுத்துவிட்டால் கிளைகள் மளமளவென்று பெருகும். 2006இல் புற்றுக்கட்டிகளில் டிஎல்எல்-4ஐத் தடுத்தபோது நாளங்கள் கூடின. ஆனால் அவற்றில் குருதி சரியாக ஓடவில்லை, கட்டியின் வளர்ச்சி குன்றியது. கிளைகளை எண்ணியவர் இதை வளர்ச்சித் தூண்டல் என்றுதான் எழுதியிருப்பார்.

விலக்கும் ஏற்பிகளும் உண்டு. பிளெக்சின்-டி1, யுஎன்சி5பி ஆகியவை நரம்பிழைகளுக்கு வழிகாட்டும் செமாஃபோரின், நெட்ரின் குடும்பப் புரதங்களை உணர்ந்து, நாளம் நுழையக்கூடாத திசுக்களிலிருந்து அதைப் பின்வாங்கச் செய்கின்றன. யுஎன்சி5பி இல்லாத எலிகளில் கிளைகள் குறையவில்லை, கூடின.

தமனி, சிரைப் பிரிவு இவற்றைவிடச் சிக்கலானது. தமனியின் எண்டோதீலியத்தில் எஃப்ரின்-பி2, சிரையில் அதன் ஏற்பியான இஎஃப்பி4 என்ற பிரிவு கருவில் மிக முன்னரே தோன்றிவிடுவதை 1998இல் கண்டறிந்தனர். எல்லாம் மரபணு எழுதிய விதி என்ற கருத்து அதனால் வலுத்தது. 2004இல் கோழிக்கரு அதை மறுத்தது. மஞ்சள்கருப் பையின் தமனி ஒன்றில் ஓட்டத்தைத் தடுத்தபோது, சில மணி நேரத்தில் அப்பகுதித் தமனிகள் தம் அடையாளப் புரதங்களை இழந்து சிரைகளாக மாறத் தொடங்கின. ஏற்பிகள் தரும் அடையாளத்தைக் குருதியோட்டம் உறுதிசெய்ய வேண்டும். இல்லையேல் அது நிலைப்பதில்லை. இந்த மாற்றம் முழுவதும் கிளைகளின் எண்ணிக்கையை மாற்றாமலேயே நடந்துவிடலாம். முட்டைச் சோதனையை நம்பும் நாம் அந்த முட்டையே தந்த இந்தச் சான்றைக் கவனிக்காமல் விடுவது வியப்புத்தான்.

குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையம் 2006இல் தாலிடோமைடு பற்றி வெளியிட்ட ஆய்வை இங்கே முன்மாதிரியாகக் கொள்ளலாம். நைட்ரிக் ஆக்சைடு தூண்டும் நாள வளர்ச்சியை அம்மருந்து மட்டுப்படுத்துவது எண்டோதீலியச் செல்களின் நகர்வைத் தடுப்பதன் வழியாக என்று அது காட்டியது. விஇஜிஎஃபின் இரண்டாம் ஏற்பி தூண்டப்படும்போது செல்லுக்குள் உருவாகும் பொருள்களில் ஒன்று நைட்ரிக் ஆக்சைடு. நாளம் குறைந்தது என்பதோடு நிற்காமல், எந்தச் செயல் தடைப்பட்டது என்று கேட்டதே அந்த ஆய்வின் வலு. 2009இல் அபர்தீன் பல்கலைக்கழகத்தினர் தாலிடோமைடை ஒத்த சேர்மம் ஒன்றைக் கோழிக்கருவில் இட்டபோது, தசையுறை பெறாத இளநாளங்களே அழிந்தன, முதிர்ந்தவை தப்பின. (தாலிடோமைடு கருவில் விளைவித்த ஊனத்துக்கு நாளச் சேதம் ஒன்றே காரணம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது; 2010இல் கண்டறியப்பட்ட செரிப்ளான் புரதம் வேறொரு பாதையையும் திறந்துள்ளது.)

எனவே முட்டைச் சோதனை முடிவுகளை வெளியிடும் நம் இதழ்கள் குறைந்தது மூன்றைக் கேட்டுப் பெற வேண்டும்: கிளையில் குருதி ஓடுகிறதா, நாளம் தசையுறை பெற்றுள்ளதா, தமனி சிரை அடையாளம் பிரிந்திருக்கிறதா. முதலாவதற்கு நுண்ணோக்கியும் ஒளிப்பதிவுக் கருவியும் போதும். மாவட்டக் கல்லூரிகளிலும் இது இயலும். மற்ற இரண்டுக்கும் எதிர்ப்பொருள் சாயமேற்றம் வேண்டும், அதற்குச் செலவாகும். அந்த வசதி இல்லாத ஆய்வகம் ‘கிளைகள் கூடின’ என்று எழுதலாம். ‘நாள வளர்ச்சியைத் தூண்டியது’ என்று எழுத அதற்குச் சான்றில்லை.