லோ வோல்டேஜும் பனியன் கம்பெனிகளும்

மின்சாரம் அடியோடு நிற்பது மின்வெட்டு. நிற்காமல், அழுத்தம் மட்டும் குறைந்து வருவதைப் பொறியாளர்கள் பிரவுன்அவுட் என்பார்கள். 1945-ல் நிலக்கரியை மிச்சப்படுத்த அமெரிக்காவில் விளம்பர விளக்குகளை அணைக்கச் சொன்ன அரசாணைக்கும் இதே பெயர்தான். பிலிப்பைன்ஸ்காரர்களோ முழு மின்வெட்டையே அப்படிச் சொல்கிறார்கள். திருப்பூரில் புழங்குவது ‘லோ வோல்டேஜ்’.

திருப்பூரை உள்ளடக்கிய கோவை வட்டாரத்து ஆலைகளுக்கு வாழ்வு தந்தது 1932-ல் உற்பத்தியைத் தொடங்கிய பைக்காரா நீர்மின்நிலையம். பிறகு விசைத்தறி, பனியன் கம்பெனி, கிணற்று மோட்டார் எல்லாம் பெருகி, ஒரே லைனில் கரண்டை இழுத்தன. டிரான்ஸ்ஃபார்மருக்குத் தொலைவில் லைன் முடியும் இடத்தில் இருந்தவர்களுக்கு வோல்டேஜ் மிச்சமில்லை.

மின்விசிறி மெதுவாகச் சுற்றும். டியூப்லைட் விட்டுவிட்டு மினுக்கும். இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். மோட்டாரின் கதை வேறு. வோல்டேஜ் 20 சதவீதம் குறைந்தால் அதன் முறுக்குவிசை ஏறக்குறைய 36 சதவீதம் குறைந்துவிடும். அதே பாரத்தை இழுக்க மோட்டார் கூடுதல் கரண்டை எடுக்கும். சூடேறி, கடைசியில் காயில் எரியும். பிறகு காயில் கட்டும் கடையில் காத்திருக்க வேண்டியதுதான். கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போடலாம். அரைகுறையாக வரும் கரண்டை நம்பி மிஷினை ஓட்டுவதுதான் ஆபத்து. ஸ்டெபிலைசருக்கும் ஓர் எல்லை உண்டு.

இதோடு மின்வெட்டும் சேர்ந்தது. 2008 நவம்பரில் தமிழகத்தில், பெரிய ஆலைகள் பெறும் உயரழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீத வெட்டு வந்தது. மாலை 6 முதல் 10 மணி வரை கட்டுப்பாடு இன்னும் கடுமை. 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. ஏற்றுமதி ஆர்டரைத் தேதிக்குள் அனுப்ப, மின்வாரியக் கட்டணத்தைவிடப் பல மடங்கு செலவாகும் டீசலை எரித்தார்கள். வசதியுள்ள நிறுவனங்கள் சொந்தக் காற்றாலை வைத்திருந்தன. ஆனால் அது தென்மேற்குப் பருவக்காற்றை நம்பிய ஏற்பாடு. ஜாப் வொர்க் செய்த சிறு யூனிட்டுகளுக்கு அதுவும் இல்லை. நட்டத்தின் பெரும்பாரம் அவர்கள் தலையில்தான் விழுந்தது.

வெளியிலிருந்து மின்சாரம் வாங்கவும் வழி குறுகலாகவே இருந்தது. தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு ஒத்திசைந்து இணைந்ததே 2013 டிசம்பர் 31-ல், ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாகத்தான். தொழிற்சாலைகள் மீதான மின் கட்டுப்பாடுகளைத் தமிழக அரசு 2014 ஜூனில் விலக்கிக்கொண்டது.