மைக் பிடித்த அண்ணாச்சிகள்

தமிழில் விளையாட்டு வர்ணனை என்றதும் பலரும் சேப்பாக்கத்தையும் கிரிக்கெட்டையும்தான் சொல்வார்கள். நான் சேரன்மகாதேவிப் பக்கத்து ஆற்றங்கரை ஊர்க்காரன். என்னைப் பொறுத்தவரை அந்தக் கலை அறுத்த வயலில் தொடங்குகிறது.

பிசான அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் கபடிக்கு இடம் பார்ப்பார்கள். கட்டி உடைத்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பால் கோடு போடுவார்கள். சவுக்குக் கம்புகளில் டியூப் லைட்டும் தென்னைமரத்தில் குழாய் ஸ்பீக்கரும் ஏறும். ஓரத்து மேஜையில் ஆம்ப்ளிஃபயர், சுழற்கோப்பை, ஸ்கோர் நோட்டு. அதன் பின்னால் மைக் அண்ணாச்சி. சாயங்காலம் வாயைத் திறந்தாரென்றால் இறுதி ஆட்டம் முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

அணிகளுக்கு முதல் அழைப்பு, இரண்டாம் அழைப்பு, மூன்றாம் அழைப்பு கொடுப்பதும், நூற்றியொரு ரூபாய் கொடுத்தவர் பெயரைக் கூட்டத்துக்குச் சொல்வதும், தொலைந்த பிள்ளையைத் தாயிடம் சேர்ப்பதும் அவர் வேலைதான். நடுவே ஆட்டத்தையும் சொல்ல வேண்டும். பின்வரிசையில் நிற்பவனுக்கு முன்னால் நிற்பவன் முதுகுதான் தெரியும். பக்கத்து ஊரில் கட்டிலில் படுத்திருக்கும் பெரியவருக்கு அதுவும் தெரியாது. குழாய் ஸ்பீக்கர் வழியாக அவர்களும் ஆட்டம் பார்த்தார்கள். நல்ல மைக்காரர், பாடப் போகிறவர் நம்பரைச் சொன்னதும் நிறுத்திக்கொள்வார். கபடி கபடி என்ற பாட்டு அறுபடுகிறதா என்று நடுவர் காது கொடுத்துக் கேட்க வேண்டுமே. ஆள் கோட்டைத் தொட்ட பிறகுதான் மறுபடி குரல் எழும்பும்.

இதைவிடப் பெரிய திறமை ஒன்றும் அவர்களிடம் இருந்தது. 1990களில் எங்கள் மாவட்டம் சாதிக் கலவரத்தால் எரிந்ததை மறைக்க முடியாது. அந்த நாட்களில் ஒரு தவறான சொல் போதும், கபடி மைதானம் ரணகளமாகிவிடும். அதனால் அண்ணாச்சிகள் ஊர்ப் பெயரையும் பனியன் நம்பரையும் மட்டும் சொன்னார்கள். தெரு சாதியைக் காட்டிவிடும் என்பதால் தெருப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். டச் உண்டா இல்லையா என்று தகராறு வந்தால் நடுவர் கை தூக்கும்வரை வாய் திறக்க மாட்டார்கள். தோற்ற அணிக்கும் ஒரு பாராட்டு வைத்திருப்பார்கள். போலீஸ் வராமலே பல இரவுகள் கழிந்ததற்கு இந்தக் குரல்களும் ஒரு காரணம் என்பேன்.

மைக்கில் பேசும் உச்சரிப்பை அண்ணாச்சிகள் யாரிடம் கற்றார்கள்? வானொலியிடம்தான். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பர் 1ஆம் தேதி ஒலிபரப்பைத் தொடங்கியது. இலங்கை வானொலியும் எங்கள் பக்கம் நன்றாக எடுக்கும். அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரலை அப்படியே பேசிக்காட்டும் பையன்கள் அன்று ஊருக்கு ஊர் இருந்தார்கள். கிரிக்கெட்டைத் தமிழில் வானொலியில் சொன்ன முன்னோடிகளில் ஒருவரான அப்துல் ஜப்பாரும் எங்கள் சீமையோடு சேர்ந்த பெயர்தான். சாத்தான்குளத்தைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டவர். 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும்வரை சாத்தான்குளம் நெல்லை மாவட்டத்தில்தான் இருந்தது. 2020 டிசம்பரில் அவர் மறைந்தார்.

தாமிரபரணியின் கடைமடைப் பகுதியிலுள்ள மணத்தியில் பிறந்த கணேசன், 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். பிறகு அர்ஜுனா விருதும் பெற்றார். 2025இல் மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ படத்துக்கு அவர் வாழ்க்கைதான் தூண்டுதல். இப்படிப்பட்ட ஆட்டக்காரர்களின் பெயர் செய்தித்தாளில் வரும் முன்பே அவர்கள் ஊரும் நம்பரும் குழாய் ஸ்பீக்கரில் வந்துவிடும். எங்கள் பக்கத்தில் புகழ் அப்படித்தான் பரவியது.

புரோ கபடி லீக் 2014இல் தொடங்கியது. 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் சேனல் வந்தது, தமிழ் தலைவாஸ் அணியும் அந்த ஆண்டுதான் களம் கண்டது. வீட்டில் உட்கார்ந்து கபடியைத் தமிழில் கேட்க முடிந்ததில் எனக்கு நிறைவுதான். ஆனால் டிவியில் படம் தெரிகிறது, மறு ஒளிபரப்பு வருகிறது, புள்ளி திரையிலேயே ஓடுகிறது. வர்ணிப்பவருக்கு மிஞ்சுவது கூச்சல் மட்டும் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கே பேச வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்பதில் வயல்காட்டு மைக்காரர்கள் ஒரு படி மேலே என்பதே என் முடிவு.

அவர்களில் பலர் இன்று இல்லை. சவுண்ட் சர்வீஸ்காரர்கள் பதிவுசெய்த கேசட்டுகளும், கல்யாண வீடியோக்காரர்கள் எடுத்த இறுதி ஆட்டங்களும் இன்னும் சில வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. பூசணம் பிடித்தால் அவற்றை மீட்பது கடினம். உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் இந்த வாரமே எடுத்துத் துடைத்து, கணினிக்கு மாற்றி, பேசியவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். அண்ணாச்சி உயிரோடு இருந்தால் நேரில் போய் அவரைப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.