ஸ்ட்ரென்த் ட்ரெய்னிங் பண்ண ஜிம் தேடுறீங்களா? வருஷ கட்டணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

சென்னையில் இப்போது எந்த ஏரியாவிலும் ஜிம்முக்குப் பஞ்சம் இல்லை. உள்ளே போனால் வரிசையாக ட்ரெட்மில், சில்லென்று ஏசி, கலர் கலராக லைட். ரிசப்ஷனில் "இன்னைக்கே சேர்ந்தா ஆஃபர் இருக்கு சார்" என்ற குரல். உடம்பைக் குறைக்க நடக்கவும் ஓடவும் வருபவருக்கு இது போதும். ஆனால் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் என்று எடை தூக்கிப் பலத்தைக் கூட்ட நினைப்பவர்களுக்கு? இவ்வளவு பெரிய ஹாலில் ஸ்குவாட் ரேக் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதிலும் யாராவது பஸ் சீட் மாதிரி துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருப்பார்.

இது இளவட்டங்களுக்கான விஷயம் மட்டும் இல்லை. பெரியவர்கள் எல்லோரும் வாரத்தில் குறைந்தது 2 நாட்களாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதனால் 40 வயதைத் தாண்டியவர்களும் பெண்களும்கூட இப்போது இப்படிப்பட்ட ஜிம்களைத் தேடுகிறார்கள். எதைப் பார்த்துத் தேர்வு செய்வது?

முதல்ல ரேக்கைப் பாருங்க

எடைப் பயிற்சியில் ஆபத்தான நேரம் எது தெரியுமா? தூக்க முடியாமல் போகும் அந்த ஒரு நொடிதான். டெட்லிஃப்டில் முடியாவிட்டால் கீழே விட்டுவிடலாம். பெஞ்ச் பிரஸ்ஸில் அப்படி இல்லை. நீங்கள் படுத்திருக்கிறீர்கள், ராடு உங்கள் நெஞ்சுக்கும் கழுத்துக்கும் மேலே இருக்கிறது. கை தளர்ந்தால் அது உங்கள் மீதுதான் இறங்கும்.

இதைத் தடுக்கத்தான் ரேக்கின் இரண்டு பக்கமும் குறுக்கே போகும் இரும்புத் தண்டுகள். இவற்றை சேஃப்டி பார் என்பார்கள். உயரத்தை மாற்றி வைக்கும் வசதி இருக்க வேண்டும். பெஞ்சில் படுத்து நெஞ்சை நிமிர்த்தினால் ராடு நெஞ்சைத் தொடணும். நெஞ்சைத் தளர்த்தினால் எடை முழுக்க அந்தத் தண்டின் மேல் உட்காரணும். கழுத்து மட்டத்துக்கு ராடு இறங்கவே கூடாது. சரியான உயரம் அதுதான். ஸ்குவாட்டுக்கு, நீங்கள் முழுதாக உட்காரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் போதும்.

ஜிம்மைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது இதைக் கேளுங்கள். "அதெல்லாம் எடுத்து ஓரமா வெச்சிட்டோம், யாரும் யூஸ் பண்றதில்ல" என்று பதில் வந்தால், மற்ற வசதிகளைப் பார்க்கவே வேண்டாம். அங்கே தனியாகப் பயிற்சி செய்வது பாதுகாப்பானது அல்ல.

இன்னொன்று, "ரேக் இருக்கே" என்று சொல்லி சிலர் ஸ்மித் மெஷினைக் காட்டுவார்கள். அதில் ராடு தண்டவாளத்தில் ஓடுவது போல நேராக மேலும் கீழும்தான் நகரும். எடையைச் சமநிலையில் வைக்கும் வேலையின் பெரும்பகுதியை மெஷினே செய்துவிடும். மோசமான கருவி இல்லைதான், ஆனால் ரேக்குக்கு அது மாற்று ஆகாது.

நீங்க வரும் நேரத்தில் கூட்டம் எப்படி?

காலை 11 மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு பணம் கட்டுவதுதான் பலரும் செய்யும் தப்பு. அந்த நேரத்தில் எல்லா ஜிம்மும் காலியாகத்தான் இருக்கும். ஓஎம்ஆரில் வேலை முடித்து இரவு 7.30 மணிக்குத்தான் வர முடியும் என்றால், அதே 7.30 மணிக்குப் போய்ப் பாருங்கள்.

சின்னக் கணக்கு ஒன்று. கனமான ஸ்குவாட் 5 செட் போடுகிறவர் ஒவ்வொரு செட்டுக்கும் நடுவில் 3 நிமிடமாவது ஓய்வு எடுப்பார். வார்ம் அப்பையும் சேர்த்தால் அரை மணி நேரம் ஓடிவிடும். ஒரு ரேக்குக்கு முன்னால் மூன்று பேர் காத்திருந்தால், உங்கள் முறை வர ஒன்றரை மணி நேரம். இரண்டு பேர் மாற்றி மாற்றிச் செய்தால் கொஞ்சம் குறையும். அந்தப் பழக்கம் அங்கே இருக்கிறதா, இல்லை முறைத்துப் பார்க்கிறார்களா என்பதும் நேரில் போனால்தான் தெரியும்.

பெண்கள் கூடுதலாக ஒரு கேள்வி கேட்க வேண்டும். சில இடங்களில் லேடீஸ் செக்‌ஷன் என்று தனி அறை இருக்கும். உள்ளே நாலு மெஷின், சின்ன சின்ன டம்பெல். ரேக் எல்லாம் ஆண்கள் பக்கத்தில். கட்டணம் மட்டும் இருவருக்கும் ஒன்றே. ரேக்கைப் பயன்படுத்தலாமா, எந்த நேரத்தில் என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராடு, பிளேட் எப்படி இருக்கணும்?

போட்டித் தரத்தில் ஆண்களுக்கான ஒலிம்பிக் ராடு 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. பெண்களின் ராடு பிடிக்கும் இடத்தில் கொஞ்சம் மெல்லியதாகவும் இருக்கும். பழைய ஏரியா ஜிம்களில் இருக்கும் மெல்லிய ராடு இதைவிட எடை குறைவு. எத்தனை கிலோ தூக்குகிறோம் என்று கணக்கு வைப்பவர்கள், ராடின் எடையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ராடை ரேக்கில் வைத்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். நடுவில் வளைந்திருந்தால் ஆட்டத்தில் தெரிந்துவிடும்.

பலரும் கவனிக்காதது சின்ன பிளேட்தான். ஜிம்மில் இருக்கும் மிகச் சிறிய பிளேட் 2.5 கிலோ என்றால், இரண்டு பக்கமும் போட்டு ஒரே தாவலில் 5 கிலோ கூடும். 100 கிலோ ஸ்குவாட்டில் அது பெரிதில்லை. தலைக்கு மேல் 25 கிலோ தூக்குகிறவருக்கு அது 20 சதவீத உயர்வு. பல மாதம் அதே இடத்தில் மாட்டிக்கொள்வார். 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி இருந்தால் இந்தச் சிக்கல் பாதியாகிவிடும். பெரிய செலவும் இல்லை. அதை வாங்கி வைத்திருக்கும் ஓனர், எடைப் பயிற்சியைப் புரிந்தவர் என்று நம்பலாம்.

மாடியா, தரைத்தளமா?

நகரத்தில் பெரும்பாலான ஜிம்கள் ஏதாவது ஒரு கடைக்கு மேலே முதல் மாடியிலோ இரண்டாவது மாடியிலோதான் இருக்கின்றன. டெட்லிஃப்டை இறக்கும் சத்தத்துக்குக் கீழே இருப்பவர் கோபப்படுவார். அதனால் "டெட்லிஃப்ட் பண்ணலாம், ஆனா சத்தம் வரக்கூடாது" என்று விதி இருக்கும். முன்கூட்டியே கேளுங்கள். கையில் போடும் சாக் பவுடருக்கும் பல இடங்களில் தடை உண்டு.

வெயிட்லிஃப்டிங் கற்க விரும்புவோருக்கு இது இன்னும் முக்கியம். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்றது இந்த விளையாட்டில்தான். ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் இரண்டிலும் எடையைத் தலைக்கு மேலிருந்து கீழே போட வேண்டிவரும். அதற்கு ரப்பர் பிளேட்டும், மரப்பலகை பதித்த மேடையும் வேண்டும். சாதாரண டைல்ஸ் தரையில் முயற்சியே செய்யாதீங்க.

மாஸ்டர் என்ன சொல்றார்?

ட்ரையல் கிளாஸில் மாஸ்டரைக் கவனியுங்கள். முதல் நாளே கனமான எடையை ஏற்றிவிடுபவர் வேண்டாம். பழைய காயம், பிபி, இதயப் பிரச்னை, குடலிறக்கம் இருக்கிறதா என்று கேட்டு, வெறும் ராடில் ஆரம்பிக்க வைத்து, நீங்கள் உட்காருவதைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பவர் நல்லவர். இப்படிப் பிரச்னை எதுவும் இருந்தால் முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

"ஒரு ஊசி போட்டா சீக்கிரம் ஏறிடும்" என்ற பேச்சு காதில் விழுந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ஸ்டீராய்டு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பது சட்டவிரோதம். இதயம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் அது பதம் பார்க்கும்.

ஏசி இல்லாத ஜிம் மட்டமா?

இல்லவே இல்லை. வடசென்னையில் தகரக் கூரை போட்ட சின்ன ஜிம்களில் துருப்பிடித்த பிளேட்டோடு பிரமாதமாகத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டணமும் குறைவு. மே மாத மதியத்தில் மட்டும் கஷ்டம். காலை 6 மணிக்குப் போய்விடலாம். மாநகராட்சி உடற்பயிற்சிக் கூடங்களும் இருக்கின்றன, ஆனால் கருவிகளின் நிலைமை இடத்துக்கு இடம் மாறும். பவர்லிஃப்டிங்குக்கு என்றே நடத்தப்படும் ஜிம்களில் ரேக் நிறைய இருக்கும், கட்டணம் கூடுதல். தூரத்தையும் யோசிங்க. 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அருமையான ஜிம்மைவிட, வீட்டுப் பக்கத்தில் இரண்டு ரேக் உள்ள சுமாரான ஜிம் மேல்.

பணம் கட்டும்போது...

வருஷ ஆஃபர் மாதக் கணக்கில் மலிவுதான். ஆனால் நடுவில் ஜிம் மூடப்பட்டாலோ, நீங்கள் வேலை மாறி வேறு ஊர் போனாலோ, பணம் திரும்புமா என்பது கையெழுத்துப் போடும் தாளில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. "நாட் ரீஃபண்டபிள்" என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று படியுங்கள். இஎம்ஐ போட்டுக் கட்டினால் இன்னும் கவனம். அது உங்கள் பெயரில் எடுத்த கடன். ஜிம் பூட்டிவிட்டாலும் தவணை தானாக நிற்காது. முதல் மூன்று மாதத்துக்கு மட்டும் கட்டிப் பார்ப்பது, கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் பாதுகாப்பு.

2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. 15,000 ரூபாய் கட்டணம் என்றால் முன்பு வரி 2,700 ரூபாய், இப்போது 750 ரூபாய். பில்லில் பழைய வரியைப் போட்டிருந்தால் கேளுங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாமல் ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. சேவையில் குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பில், கையெழுத்திட்ட தாள், ஆஃபர் பற்றி அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் மூன்றையும் சேரும் நாளிலேயே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.